கட்டிலோரத்து டோர்ச் லைட்

டோக்கியோவில் ஓர் இரவுக்கு ஒரு லட்சம் யென் கேட்கும் ஹோட்டல்கள் உண்டு. நம் இலங்கைக் காசுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபா. கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தவர்கள் அப்படியொரு ஹோட்டலில் எனக்கு அறை எடுத்துத் தந்திருந்தார்கள். ஊர் திரும்பிய நாளிலிருந்து, அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றாலும் தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் ஒரே கேள்விதான்: “ரெண்டு லட்சத்துக்கு அப்பிடி என்னதான் காக்கா இருக்கு அந்த ரூமுக்குள்ள?”

சொல்ல நிறைய இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போன நம்மவர்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் படும் பாட்டைக் கேட்டிருக்கிறோம். ஜப்பானில் அந்தக் கவலை இல்லை. டோட்டோ கம்பனி 1980இல் ‘வாஷ்லெட்’ என்ற பெயரில் கொண்டுவந்த, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை இன்று ஹோட்டலில் மட்டுமல்ல, சாதாரண வீடுகளிலும் இருக்கிறது. கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டதும் ரிசப்ஷனில் நின்ற பிள்ளை ஒரு திசைகாட்டியும் முஸல்லாவும் கொண்டுவந்து தந்தது. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்காகத் திரும்ப வேண்டும். நம் ஊர் நிந்தவூரில் நாம் நிற்கும் கோணமும் கிட்டத்தட்ட அதுதான். சாப்பாட்டு மேசையில் நான் கேட்காமலே சமையல்காரர் வந்து, எந்தக் கறியில் மிரின் என்ற அரிசி மது கலந்திருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போனார். கையில் காசு வைத்தால் வாங்க மாட்டார்கள். அங்கே டிப்ஸ் என்ற பேச்சே கிடையாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் போய் நிற்பது கட்டிலோரத்து டோர்ச் லைட்டில்தான். தலைமாட்டு மேசைக்குக் கீழே, படுத்தபடி கையை நீட்டினால் எட்டும் இடத்தில், சுவரில் ஒரு தாங்கி. அதில் சின்னதாக ஒரு டோர்ச். சுவிட்ச் தேட வேண்டியதில்லை, தாங்கியிலிருந்து இழுத்து எடுத்தால் தானாக எரியும். இருட்டில், பதற்றத்தில், நடுங்கும் கைக்கு ஒரு சுவிட்சைத் தேடுவதுகூடப் பெரிய வேலை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கதவின் உட்பக்கத்தில் அந்த மாடியின் படம். என் அறை சிவப்பில், அங்கிருந்து இரண்டு படிக்கட்டுகளுக்கும் போகும் வழி அம்புக்குறியில். ஒரு வழி அடைபட்டால் மற்றது. தெருவில் நின்று கட்டடங்களைப் பார்த்தால் சில ஜன்னல்களில் தலைகீழான சிவப்பு முக்கோணம் ஒட்டியிருக்கும். தீயணைப்புப் படை உள்ளே நுழையும் ஜன்னல் அது.

ஓர் இரவு அலுமாரிக்குள் தொங்கிய ஹாங்கர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. கட்டில் மெல்ல அசைந்தது. சுவருக்குள்ளிருந்து மரம் முறுகுவதுபோல ஒரு சத்தம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வாழ்கிறவனுக்கு அந்த நேரத்தில் நெஞ்சு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலிமா வாயில் வர எழுந்து டோர்ச்சை இழுத்தேன். உடனேயே கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் நிதானமான ஒரு குரல் முதலில் ஜப்பான் மொழியில், பிறகு ஆங்கிலத்தில் பேசியது. நிலநடுக்கம், கட்டடத்துக்கு ஆபத்தில்லை, லிஃப்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது, சோதித்த பிறகு இயங்கும், அறையிலேயே இருங்கள். அவ்வளவுதான். மறுநாள் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

இந்தப் பக்குவம் சும்மா வந்ததல்ல. ஹிபியா பகுதியில் இருக்கும் இம்பீரியல் ஹோட்டல் 1890இல் திறக்கப்பட்டது. அதற்குப் புதுக் கட்டடம் கட்ட அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லொயிட் ரைட் வந்தார். திறப்பு விழா விருந்துக்குக் குறித்த நாள் 1923 செப்டெம்பர் 1. அன்று பகல் 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பெரும் கான்டோ நிலநடுக்கம் வந்தது. பகல் சமையல் நேரம் என்பதால் அடுப்பு நெருப்பு மரவீடுகளில் பற்றி நகரமே எரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹோட்டல் நின்றது. சேதமே இல்லாமல் நின்றது என்று பிற்பாடு பெருமையாகச் சொல்லப்பட்ட கதை முழு உண்மையல்ல. சேறான மண்ணில் அத்திவாரம் தாழ்ந்தது, சேதமும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களின் தலையில் அது விழவில்லை. முன்புறத்தில் ரைட் ஒரு தடாகம் அமைத்திருந்தார். செலவைக் குறைக்க அதை விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சொன்னபோது, தண்ணீர்க் குழாய்கள் உடைந்தால் நெருப்பை அணைக்க இதுதான் இருக்கும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அழகுக்கு என்று எல்லோரும் நினைத்த தடாகத்திலிருந்து அன்று வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். வீடிழந்து வந்தவர்களுக்கு ஹோட்டல் சாப்பாடு கொடுத்தது. அந்தக் கட்டடத்தை 1968இல் இடித்துவிட்டார்கள். முகப்பையும் வரவேற்புக் கூடத்தையும் மட்டும் நகோயா நகருக்கு அருகிலுள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் உள்ளவர்கள் பிறவியிலேயே கவனமானவர்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. 1982 பெப்ரவரி 8ஆம் திகதி டோக்கியோ அகசாகாவில் ‘ஹோட்டல் நியூ ஜப்பான்’ எரிந்து 33 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய்களைப் பொருத்தச் சொல்லி அதிகாரிகள் கேட்டும், காசை மிச்சம்பிடிக்கப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். உரிமையாளரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. பட்டுப் படித்ததைச் சட்டமாக்கி, சட்டத்தை ஒவ்வொரு கட்டில்வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

2011 மார்ச் 11 அன்று வந்த நிலநடுக்கத்தில் ரயில்கள் நின்று டோக்கியோவில் லட்சக்கணக்கானோர் வீடு போக வழியில்லாமல் தெருவில் நின்றபோது, அதே இம்பீரியல் ஹோட்டல் கதவைத் திறந்து ஏறத்தாழ 2,000 பேரைக் கூடங்களிலும் நடைவழிகளிலும் இரவு தங்கவைத்தது. காசு கட்டி வந்தவர்களா என்று கேட்கவில்லை. போர்வையும் தண்ணீரும் கொடுத்து, விடிந்ததும் சூடாக மரக்கறி சூப்பும் கொடுத்தார்கள்.

நான் தங்கிய ஹோட்டலில் காலைச் சாப்பாட்டில் சோயா சோஸ் போத்தல் வைத்திருந்தார்கள். அதைக் காட்டி, கூடவந்த ஜப்பானிய நண்பர் ஒரு கதை சொன்னார். ‘யமாசா’ என்ற சோயா சோஸ் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஹமகுச்சி கோர்யோ. 1854 டிசெம்பரில் வகயாமா கரையிலிருந்த ஹிரோ கிராமத்தில் அவர் இருந்தபோது நிலம் குலுங்கிக் கடல் ஏறியது. இருட்டிவிட்டது, எந்தப் பக்கம் மேடு என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. அவர் வயலிலிருந்த வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடியவர்கள் மேட்டிலிருந்த கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு தன் காசில் கரையோரம் ஓர் அணையும் கட்டினார். 1946இல் மறுபடி கடல் ஏறியபோது அந்த அணை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக நவம்பர் 5ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது இந்தச் சம்பவத்தை நினைத்துத்தான். பழைய ஜப்பானியப் பஞ்சாங்கத்தில் அது நடந்தது பதினோராம் மாதம் 5ஆம் நாள். சூடு அடித்து, வைக்கோல் போர் வைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. சேர்த்துவைத்த போரைக் கொளுத்துவதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

இனி நம் கரைக்கு வருகிறேன். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. அன்று கடற்கரை வீடுகளில் விருந்தாளிகள் இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு எந்த ஒழுங்கை பிரதான வீதியில் போய் ஏறும், எது மதிலில் முட்டி நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது. யால பட்டனங்கல கரையில் இறந்தவர்களில் ஜப்பானியரும் இருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் டோர்ச் வைக்கும் நாட்டிலிருந்து நம்மை நம்பி வந்தவர்கள். அன்று ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இன்று நமக்குத் தெரியும். இன்று ஒருவர் வழி தெரியாமல் நின்றால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திரா பக்கம் நிலம் குலுங்கியதும் நம் கரை முழுதும் மேற்கே வயல் பக்கமாக ஓடியது. கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிரதான வீதிச் சந்திகளில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் சிக்கி நின்றதை மறக்க முடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து உழவு இயந்திரத்தில் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை மாவடிப்பள்ளியில் தண்ணீர் கொண்டுபோனபோது இந்தப் பகுதியே அழுதது. ஆபத்து கிழக்கிலிருந்து கடலாகவும் வரும், மேற்கிலிருந்து வெள்ளமாகவும் வரும்.

விருந்தாளியைக் கவனிப்பதில் நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சகன் நிறையச் சோறு வைத்து, கைகழுவத் தண்ணீர் ஊற்றி, புதுப்பாயும் புதுத் தலையணையும் கொடுப்போம். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்க மாட்டோம். அதோடு, வழி எது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அறுகம்பேயில் கடலைப் பார்த்தபடி கட்டியிருக்கும் கெஸ்ட் ஹவுஸ்கள், ஒலுவில் பக்கம் எழும் தங்குமிடங்கள், நூற்றுக்கணக்கானோர் கூடும் கல்யாண மண்டபங்கள், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிகள் எல்லாவற்றிலும் கதவுக்குப் பின்னால் ஒரு படம், கட்டிலோரத்தில் ஒரு டோர்ச். ஓர் அறைக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபா முடியும். குளிர்சாதனத்துக்கும் ஓடு பதித்த குளியலறைக்கும் செலவழிக்கிற முதலாளிமாருக்கு அது ஒரு காசே இல்லை. மண்டபத்தில் நிக்காஹ் தொடங்குமுன் வெளியேறும் வாசல்களை மைக்கில் அறிவிக்க அரை நிமிடம் போதும். பிரதேச சபைகள் தங்குமிட அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது இதை நிபந்தனையாக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம உத்தியோகத்தர்களும் ஒன்றாக உட்கார்ந்தால், எந்த ஒழுங்கை எங்கே போய் ஏறுகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் ஒரே நாளில் ஆகிவிடும்.

வரும் நவம்பர் 5க்கு முன் நிந்தவூர் கடற்கரை வீதியிலிருந்து தொடங்கலாம். ஒழுங்கைகளை அளந்து படம் கீறத் தெரிந்த பிள்ளைகள் நம் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள்.