பாட்டில் ஏத்தினால் தெம்பு வருமா?

"டாக்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க, தெம்பா இருக்கும்!" நம் குடும்பங்களில் இப்படிக் கேட்காதவர் யார்? அந்த அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அவ்வளவுதான்! வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசிக் குத்தும் செலவும் எதற்கு?

ஆனால், நிஜமாகவே டிரிப் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

பாண்டிச்சேரி போகும் வழியில் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக, அழகுதான். அந்த வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும் பெண்ணை யோசித்தீர்களா? ஒதுங்க மறைவிடம் இல்லாத இடத்தில், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வேர்வையில் நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். இதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால்? கை கால் சில்லிடும், நாடி படபடக்கும், சிறுநீர் நின்றுபோகும், பேச்சு குழறும். டாக்டர்கள் 'ஷாக்' என்பது இதைத்தான். (அதிர்ச்சியில் திகைத்து நிற்பதல்ல!) இப்போது குளுக்கோஸ் பாட்டில் உதவாது; அந்தத் தண்ணீர் ரத்தக் குழாயில் தங்காது. லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு மங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

"சீக்கிரம் ஏத்துங்க" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கவனித்தார்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில்தான் இறப்பு அதிகம். டெங்குவிலும் அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஷாக் வருமுன் தடுக்க வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. 1971-ல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதிகள் முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம் டிரம்மாகக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 4-க்கும் கீழே இறங்கியது!

பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, ஜாக்கிரதை!

உப்பள முதலாளிகளே, பாத்தியோரம் ஒரு கழிப்பறையும், நிழலில் ஒரு பானைத் தண்ணீரும், நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வையுங்களேன். ஒரு பாட்டில் ஏத்துகிற செலவுகூட ஆகாது அந்தப் பானைக்கும் பாக்கெட்டுக்கும்.