படம் கழுவ ஒரு பிரிண்டர்

கரங்கானில் எங்கள் அப்பாயி இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை போட ஒரு படம் வேண்டும். கூலிமில் வழக்கமாகப் படம் கழுவும் கடை மூடியிருந்தது. சித்தப்பா மகன், "அண்ணே, வீட்டுல பிரிண்டர் இருக்கு, நானே அடிச்சிடறேன்" என்றான். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டில் பிள்ளைகளின் இயங்கலை வகுப்புக்காக வாங்கியது. புலனத்தில் யாரோ அனுப்பியிருந்த கல்யாணப் படத்தில் அப்பாயியின் முகத்தை மட்டும் வெட்டி, சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டான். சட்டம் போட நேரமில்லை. அட்டையில் ஒட்டி வைத்தோம்.

முகம் லேசாகப் பச்சையடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் தெளித்திருந்த தண்ணீர் சொட்டி, மதியத்துக்குள் இடது கன்னம் கரைந்து வழிந்துவிட்டது. அத்தை முந்தானையால் ஒற்றப்போக, இன்னும் பரவியது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள்.

தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிரிண்டர் பள்ளிப் பாடத்தாளுக்குப் பிறந்தது. ஆனால் அன்றிலிருந்து, "வீட்டிலேயே படம் அடிக்க எது வாங்கலாம்?" என்று நேயர்கள் யாராவது கேட்டால், நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. "மாதத்துக்கு எத்தனை படம் அடிப்பீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

காரணம், இன்க்ஜெட் பிரிண்டருக்குச் சும்மா இருந்தால் நோய் வரும். மை தெறிக்கும் துளைகள் முடியைவிட மெல்லியவை. பல வாரம் தொடாமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு 'ஹெட் கிளீனிங்' என்று பொத்தானை அழுத்தி அழுத்தி, காசு கொடுத்து வாங்கிய மையைக் கழிவுப் பஞ்சுக்கு ஊற்ற வேண்டியதுதான். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். வேலை முடிந்ததும் பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணையுங்கள். சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள். பொத்தானில் அணைத்தால்தான் அது துளைகளை மூடிவிட்டுத் தூங்கப் போகும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் படம் எடுக்கும் வீடா? இன்க்ஜெட்டே வேண்டாம். கேனன் செல்ஃபி சிபி1500 போன்ற சின்னப் பெட்டி போதும். அது திரவ மை இல்லாமல், சாய நாடாவைச் சூடாக்கித் தாளில் ஏற்றுகிறது. அடைப்புக்கு வேலையில்லை. கடைசியில் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சும் போட்டுவிடும். தண்ணீர்த்துளி பட்டால் துடைத்துவிடலாம். தாளும் நாடாவும் சேர்ந்த பெரிய பொட்டலத்தில் 108 படம். அர்ச்சனைக் கணக்கு மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளலாம். குறை ஒன்றுதான்: அஞ்சலட்டை அளவுக்கு மேல் போகாது. மாலை போடும் படத்துக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

வாரம் நாலு படமாவது அடிப்பேன், பெரிய அளவும் வேண்டும் என்பவர்களுக்கு ஆறு நிற மைத்தொட்டிப் பிரிண்டர். எப்சன் எல்8050, கேனன் ஜி570 இரண்டும் ஏ4 வரை போகும். சாதாரண வீட்டுப் பிரிண்டரில் நாலு நிறம். அதிலும் பலவற்றில் கறுப்பு எழுத்துக்கான மை. பளபளப்புத் தாளில் அது சரியாக ஒட்டாது. அதனால் மற்ற மூன்றையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்கும். தலைமுடி செம்பட்டையாகத் தெரிவது இதனால்தான். நம் மாநிறமும் கறுப்பும் மூன்று மைக்குள் அடங்குகிற நிறமா என்ன? எப்சன் அந்த நாலோடு வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் சேர்க்கிறது. முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. கேனன் சாம்பலும் சிவப்பும் சேர்க்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரதி எடுப்பவர்களுக்கு அந்தச் சாம்பல் மை உதவும் என்பது என் கணிப்பு. இரண்டிலும் ஸ்கேனர் இல்லை. அதை மறந்து வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள்.

இவை இரண்டும் படத்துக்குச் சாய மையைத்தான் பயன்படுத்துகின்றன. சாய மை சர்க்கரை போல, தண்ணீரில் கரைந்திருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் கிளம்பிவிடும். நிறமி மை மஞ்சள்தூள் போல, கரையாமல் தாளின் மேல் படியும். எளிதில் போகாது, வெயிலுக்கும் அதிகம் தாங்கும். நிறமி மையில் படம் அடிக்கும் பிரிண்டர்கள் உண்டு. கேனன் புரோ-300, எப்சன் பி700 இரண்டிலும் பத்து மைப் பெட்டிகள். ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் யோசிக்கட்டும். வீட்டுக்குச் சாய மையே போதும், சட்டமும் கண்ணாடியும் போட்டால். அச்சிட்டவுடன் சட்டத்துக்குள் அடைக்காமல் ஒரு நாள் காயவிடுங்கள். சாமி அறை விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

தாள் பாதி வேலை. போட்டோ தாள் வாங்கி, பிரிண்டர் அமைப்பில் 'சாதாரணத் தாள்' என்றே விட்டுவிட்டால் மையின் அளவு மாறி நிறம் கெடும். தம்பி பின்னாளில் நல்ல தாள் வாங்கியும் பச்சை போகாத ரகசியம் அதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் மீதித் தாளைத் திறந்தபடி வைத்தால் ஈரம் இழுத்துச் சுருளும். ஜிப் பையில் மூடி வையுங்கள்.

மீதிப் பாதி, படக்கோப்பு. 4ஆர் படம் துல்லியமாக வர 1200க்கு 1800 பிக்சல் வேண்டும்; ஏ4 முழுக்க நிரப்ப அதைப்போல் இரண்டு மடங்கு நீளமும் அகலமும். புலனம் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது. கூட்டத்தில் எடுத்த அப்படியொரு படத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டினால் என்ன மிஞ்சும்? எடுத்தவரிடம் கேட்டு, 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே வரும்.

அப்பாயியின் படத்தை அப்படித்தான் மீட்டோம். கல்யாணத்தில் படம் எடுத்த பையன் பாடாங் செராயில் இருந்தான். மூலக்கோப்பு அவன் கைப்பேசியிலேயே கிடந்தது. பதினாறாம் நாளுக்குள் கூலிம் கடையில் கழுவி, சட்டம் போட்டு மாட்டினோம்.

தாத்தாவுக்குத்தான் படம் குறைவு. தோட்டத்தில் லயத்து வாசலில், பால் வாளியோடு நிற்கும் ஒன்றே ஒன்று. பெரியப்பா வீட்டு ஆல்பத்தில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கிறது. பிய்த்தால் முகம் போய்விடும் என்பதால், பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யக் கேட்டிருக்கிறேன். "ஆல்பம் வீட்டை விட்டுப் போகாது, உன் மெஷினை இங்க கொண்டா" என்கிறார் பெரியப்பா. அடுத்த சனிக்கிழமை ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு கரங்கான் போகிறேன்.