சபை கூடுகிறது, ஊருக்குச் செய்தி வரவில்லை

கடந்த 2025 மே மாதத் தேர்தலுக்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்தவர், எனக்கு ஓரளவு பழக்கமானவர். துண்டுப்பிரசுரத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா, ரெண்டு வருசமா சபையில உறுப்பினர்களே இல்லை, இந்த முறை கட்டாயம் வோட்டுப் போடவேணும்" என்றார். அம்மா திகைத்துப்போய்க் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் ஆர் பாத்தது?"

"செயலாளர்தான் பாத்தவர்."

"எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லையே, தம்பி."

வேட்பாளரிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஊடகக் கல்வி படித்து, பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைக்கும் என்னிடமும் இருக்கவில்லை. அம்மா சோலைவரியைத் தவறாமல் கட்டுபவர். எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிப்பவர். தன் பிரதேச சபை கலைந்திருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் அக்கறையில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. அவர்களில் நானும் ஒருவன்.

உறுப்பினர்கள் இல்லாத காலம்

2018 பெப்ரவரி 10 தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் ஒரு வருட நீடிப்பின் பின்னர் 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போடப்பட்டு, திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்துடன் அன்றும் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்து, ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகளின் பதவிக்காலம் ஆரம்பமானது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கும் மேலாக, மக்கள் தெரிவுசெய்யாத அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள்.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கில் அதற்கும் ஒரு வருடம் முன்னரே, 2017 செப்டெம்பரில். அதன் பின்னர் மாகாண சபைத் தேர்தல் நடக்கவேயில்லை. ஆகவே 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை, நாடாளுமன்றத்துக்குக் கீழே மக்கள் தெரிவுசெய்த ஒரு மன்றமும் இங்கே இயங்கவில்லை. அதிகாரப் பகிர்வு பற்றி நாளாந்தம் பேசும் ஒரு சமூகத்தில், கையில் இருந்த மிகச்சிறிய அதிகாரமும் இல்லாமற்போனதை வீட்டுக்கு வீடு உணரவில்லை.

இதை வைத்துக்கொண்டு, 'சபைகளால் பிரயோசனமில்லை, அதனால்தான் இல்லாததும் தெரியவில்லை' என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வித்தியாசம் இருந்தது. அது எங்கள் ஒழுங்கையில் தண்ணீராகத் தேங்கி நின்றது.

ஒரு வாய்க்காலின் கதை

யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளில் ஒன்று எங்களுடையது. 2024இல், மாரி தொடங்குவதற்கு முன், எங்கள் ஒழுங்கையில் சீமெந்து வாய்க்கால் கட்டினார்கள். வேலையாட்கள் வந்து அளந்த அன்றுதான் எங்களுக்கு விசயமே தெரியும். திட்டத்தின் விபரப் பலகை வேலை முடிந்த பிறகு நட்டார்கள். மழை வந்தபோது, வாய்க்கால் முடியும் இடத்தில் தண்ணீர் போக வழியில்லாமல், தனியே வாழும் ஒரு மூதாட்டியின் வளவுக்குள் இறங்கியது. அவர் சமையலறைக்குள் கல் அடுக்கி அதன்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்.

எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும், எந்த மதகு அடைபட்டிருக்கிறது, முன்னர் குளத்துக்குப் போன வழி எந்தக் காணிக்குள்ளால் போனது என்பதெல்லாம் அயலிலுள்ள எல்லாருக்கும் தெரியும். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். பதில் உரிய காலத்துக்குள் வந்தது. மதிப்பீடு, அங்கீகாரக் கடிதம், ஒப்பந்தகாரருக்கான கொடுப்பனவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையெழுத்துகள் சரி, முத்திரைகள் சரி. ஊரவர் ஒருவரிடமாவது கேட்டதற்கான தாள் மட்டும் அந்தக் கோவையில் இல்லை. "நீங்கள் முன்னமே வந்து கேட்டிருந்தால் காட்டியிருப்பம்" என்றார் அந்த உத்தியோகத்தர். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு திட்டம் இருப்பதே தெரியாதவர் எதைப் போய்க் கேட்பார்?

ஒரு வட்டார உறுப்பினர் இருந்திருந்தால் வாய்க்கால் கட்டாயம் சரியாக அமைந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த மூதாட்டி போய்த் திட்டுவதற்கு ஒரு வீட்டு வாசலாவது இருந்திருக்கும்.

சட்டத்தில் இருப்பவை

இவற்றுக்கெல்லாம் புதிய சட்டம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். இருப்பவற்றைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைச் சபைகளிடம் ஒப்படைக்கிறது. சபை அமர்வுகளைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் அமைக்கப்படும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பாதீட்டின் வரைவு நிறைவேற்றப்படுவதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவெடுத்து அறிவிக்கவேண்டும். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவை அநேகர் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒரு திட்டம் என்றால், அது ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கடமையை விடயப் பொறுப்பான அமைச்சர் மீதே சட்டம் சுமத்துகிறது, சபை மீது அல்ல. ஆனாலும் அதன் நோக்கம் தெளிவானது: கட்டி முடித்த பிறகு சொல்வது அறிவித்தல் ஆகாது. இன்றைய விலைவாசியில் ஐந்து இலட்சம் என்பது பெரிய தொகையல்ல. எங்கள் வாய்க்காலின் செலவே அதைத் தாண்டியிருந்தது.

ஆகவே கதவுகள் பூட்டப்பட்டிருக்கவில்லை. எந்தக் கதவு, எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.

படம் வருகிறது, தகவல் வருவதில்லை

இப்போது சபைகள் முகநூல் பக்கங்கள் நடத்துகின்றன. எங்கள் சபையின் பக்கத்தை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தேன். தவிசாளர் நாடா வெட்டுகிறார். அடிக்கல் நாட்டுகிறார். வாசிகசாலைக்கு வருகை தருகிறார். எல்லாம் நடந்து முடிந்தவை. அடுத்த அமர்வு எப்போது, நிகழ்ச்சிநிரலில் என்ன இருக்கிறது, சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போனது என்று ஒரு பதிவையும் நான் காணவில்லை. கருத்திடுபவர்களில் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கு மின்குமிழ் போட்ட செய்தி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, கைபேசியில் பேச மட்டுமே தெரிந்த என் அம்மாவுக்கு அது தெரியாது.

ஊடகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 டிசம்பரில் யாழ் மாநகர சபையின் பாதீடு இரண்டு தடவைகள் தோற்கடிக்கப்பட்டு, முதல்வர் பதவி கைமாறியது. யார் யாருக்கு எதிராக வாக்களித்தார் என்பது அந்த மாதம் தேநீர்க் கடைகளில்கூடத் தெரிந்திருந்தது. அந்தப் பாதீட்டில் எந்த வீதிக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்கமுடியாது. சபையில் அமளி என்றால் தலைப்புச் செய்தி. அமளியில்லாமல் ஒரு கட்டணம் உயர்ந்தால் அது செய்தியே அல்ல. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பிரதேச நிருபர் ஒருவர், நான்கு மணித்தியாலம் அமர்வில் இருந்து, யாரும் பிரசுரிக்காத குப்பை வண்டி நேர அட்டவணையை எழுதிக்கொண்டு வரமாட்டார். நானும் வந்ததில்லை. செய்தியின் பெறுமானத்தில் அண்மை முக்கியமானது என்று விரிவுரையில் படித்தோம். வீட்டுக்கு மிக அண்மையில் இருக்கும் மன்றத்தைத்தான் மிகக் குறைவாக எழுதியிருக்கிறோம்.

தகவல் இல்லாத இடத்தில் கோபம் தவறான முகவரிக்குப் போகிறது. வீதி ஒன்று குன்றும் குழியுமாகக் கிடந்தால் நாங்கள் தவிசாளரைத் திட்டுவோம். ஆனால் 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. 'சி', 'டி' தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. மிச்சமுள்ள உள்ளூர் வீதிகளே சபையின் பொறுப்பு. எந்த வீதி யாருடையது என்ற ஒரு பட்டியல் சபை வாசலில் தொங்கினாலே பாதிச் சண்டை தீரும். மிச்சப் பாதியைச் சரியான ஆளோடு பிடிக்கலாம்.

மலையகம் தரும் பாடம்

இது வடக்கின் பிரச்சினை மட்டுமல்ல. மலையகத்தின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தல்களில் வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் தவிசாளர்களையும் தெரிவுசெய்தார்கள். ஆனால் தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடப் பிரதேச சபைகள் சட்டம் தடையாக இருந்தது. அந்தத் தடையை நீக்கும் திருத்தம் 2018இல்தான் வந்தது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன.

வாக்கு இருந்தும் சேவை பெற உரிமையில்லாமல் முப்பது வருடங்கள். லயத்துக்கு முன்னால் ஏன் கான் வெட்டப்படவில்லை என்ற கேள்விக்குப் பதில் ஒரு சட்டப் பிரிவில் ஒளிந்திருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தால் திருத்தம் இன்னும் முன்னதாக வந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். உள்ளூராட்சியில் தகவல் என்பது வசதியல்ல, உரிமைக்கான முதற்படி.

நான்கு தாள்

என்ன செய்யலாம்? செயலி வேண்டாம், பெரிய திட்டமும் வேண்டாம். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலையில் பத்திரிகை பார்க்க இன்னும் ஆட்கள் அங்கே வருகிறார்கள். அறிவித்தல் பலகையும் இருக்கிறது, பெரும்பாலும் மரண அறிவித்தலோடு. மாதம் நான்கு தாள் போதும். அமர்வுக்கு ஒரு வாரம் முன்னர் அதன் திகதியும் நிகழ்ச்சிநிரலும். அமர்வுக்குப் பின்னர் எடுத்த தீர்மானங்கள். அடுத்த மூன்று மாதங்களில் தொடங்கவுள்ள வேலைகளும் தொகையும். குப்பை, குடிநீர் பவுசர், தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம். படம் தேவையில்லை.

சபை செய்யட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. புதிய சபையின் ஓர் அமர்வுக்குப் போனேன். திகதியை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துத்தான் அறிந்தேன். பார்வையாளர்களுக்கான கதிரைகளில் நான் மட்டும். எங்கள் வட்டார உறுப்பினர் வாய்க்கால் விசயத்தை எழுப்பினார். பார்த்துச் சொல்வதாகத் தவிசாளர் பதிலளித்தார். அன்று எடுத்த தீர்மானங்களை எழுதிக்கொண்டு வந்து, ஒரு தாளில் தெளிவாகப் பிரதிபண்ணி, எங்கள் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டினேன். சந்தைக் கடை வாடகை, மயான வீதி திருத்தம், நாய்களுக்கான தடுப்பூசி நாள், எங்கள் வாய்க்கால் என ஒன்பது விடயங்கள்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். மயான வீதி என்ற வரிக்குக் கீழே யாரோ நீலப் பேனாவால் எழுதியிருந்தார்கள்: "எந்தப் பக்கத்தால தொடங்குறியள்?"

அதற்கு இன்னொருவர் வேறு கையெழுத்தில் பதில் எழுதியிருந்தார்: "அடுத்த கூட்டத்தில கேப்பம்."