அட்டையில் எழுதாத மண்

மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். 2015 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம் இது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றுக்கு அந்தப் பன்னிரண்டில் இடமில்லை. பயிருக்கு என்ன குறைகிறது என்று கேட்பதற்காகச் செய்த அட்டை அது. பாகூரிலும் வில்லியனூரிலும் அந்தச் சேற்றில் முழங்கால் வரை நின்று நாற்று நடுகிறவளின் உடம்பில் மண்ணிலிருந்து என்ன ஏறுகிறது என்ற கேள்வி அதற்குள் வரவே இல்லை.

நான் தமிழ் நடத்துகிறவள். மண்ணைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பார்கள். என் பாடத்திலேயே மண் இருக்கிறது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனைப் புகழ்கிறார்: அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்பது அதன் பொருள். மன்னனின் காவல் சிறப்புக்கு எடுத்துக்காட்டாக இதை நடத்துவது வழக்கம். பாட்டின் மறுபாதியை யாரும் கேள்வியாக்குவதில்லை. நாட்டின் மண் நேரடியாக வயிற்றுக்குள் போவது கருவுற்றவளுக்குத்தான் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். இன்றும் எங்கள் பக்கத்தில் மசக்கைக்காரிகள் சாம்பலும் செங்கல் துண்டும் சிலேட்டுக் குச்சியும் அடுப்பு மண்ணும் தின்கிறார்கள். ஆயாக்கள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். இந்த ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து காணப்படுவது என்கிறது மருத்துவம். மேடைதோறும் மண்ணைத் தாய் என்று முழங்கும் நாட்டில், தாயாகப் போகிறவள் தின்னும் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை இல்லை.

மண்ணில் ஒரு நஞ்சு இருப்பது வேறு. அது உடலுக்குக் கிடைப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பெண்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நமக்கு எதிரான கணக்குகள் இங்கேதான் போடப்படுகின்றன. ஆய்வகத்தில் மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்து அதில் இருக்கும் மொத்த ஈயத்தை அளக்கலாம். ஆனால் நம் வயிற்றின் அமிலம் அதில் எவ்வளவைக் கரைக்கும் என்பது, அந்த ஈயம் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்த ஈயம் பெரும்பகுதி கரையாமலே வெளியேறிவிடலாம். பழைய பெயின்ட் தூளில் இருக்கும் ஈயம் எளிதாகக் கரையும். எண் ஒன்று, விளைவு இரண்டு.

நெல் வயலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கழனியில் தண்ணீர் கட்டியிருக்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடக்கும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்துக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகும், அந்தப் பிணைப்பு அவிழும், கதிர் முற்றுகிற நாட்களில் வேர் அதை உறிஞ்சும். ஆர்சனிக் இதற்கு நேர் எதிர். தண்ணீர் நின்றால் கிளம்பும், காய்ந்தால் அடங்கும். இவை வயலுக்கு வரும் வழிகள் பல. பாஸ்பேட் உரம் செய்யும் பாறையிலேயே காட்மியம் உண்டு. சாக்கடை நீர், ஆலைக் கழிவு, உடைத்துப் போட்ட பேட்டரி, எரித்த குப்பையின் சாம்பல் எல்லாம் சேரும். 2000 வரை இந்தியாவில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல.

மண்ணிடம் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதி உடலில் இருக்கிறது, எல்லா உடலும் ஒரே உடல் அல்ல. குடலில் இரும்பை உள்ளே எடுத்துச் செல்லும் வாசல்கள் உண்டு. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் அந்த வாசல்களைக் கூட்டிக்கொள்ளும். காட்மியமும் அதே வாசல் வழியாக நுழையக் கூடியது. 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரும்பு இருப்பு போதுமான அளவு உள்ளவர்கள் உணவிலுள்ள காட்மியத்தில் 100க்கு சராசரி 2.3 பங்கு உட்கொண்டார்கள். இருப்பு குறைந்தவர்கள் 8.9 பங்கு. ஒரே சோறு, ஒரே அளவு காட்மியம், ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. இப்போது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வையுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்கு. ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இரும்புக் குறைவுதான் பெரிய காரணம். அப்படியானால் ஒரே பானையில் வெந்த சோறு ஒரே வீட்டில் இரண்டு விதமாக உடம்பில் சேர்கிறது.

ஈயத்துக்கும் இதே கதை. வளர்ந்தவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உடம்பில் ஏறும்; சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை ஏறலாம். வெறும் வயிற்றில் இது பல மடங்கு கூடும். நடவுக்குப் போகிறவள் விடியுமுன் எழுந்து, வீட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டு, ஒரு சொம்பு நீராகாரத்தோடு கழனியில் இறங்குகிறாள். வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் இல்லை, விரதம். வரப்பில் உட்கார்ந்து சேற்றுக் கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வெற்றிலை மடிக்கிறாள். கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண் என்பதை நாம் ஒரு அநீதியாகப் பேசியிருக்கிறோம். அது நஞ்சைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் கூட.

உள்ளே போன ஈயம் எங்கே தங்குகிறது? வளர்ந்தவர்களின் உடம்பில் சேரும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கும், பல பத்தாண்டுகள் இருக்கும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பிள்ளைக்காகத் தாயின் எலும்பு சுண்ணாம்புச்சத்தை விட்டுக்கொடுக்கிறது. அதோடு ஈயமும் இறங்கிவருகிறது. பத்து வயதில் குப்பைமேட்டோரம் விளையாடிய சிறுமி சேர்த்துவைத்தது, இருபத்தைந்து வயதில் அவள் பிள்ளையிடம் போய்ச் சேரலாம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் மட்டும் ஊர் தாயைத்தான் கேட்கும்.

உலோகங்கள் நல்ல தோல் வழியாக அதிகம் ஏறுவதில்லை. பூச்சிக்கொல்லிகளில் பல ஏறும். சேற்றுப்புண்ணில் வெடித்த காலை நல்ல தோல் என்று யாரும் சொல்ல முடியாது. வாசல் பெருக்குவதும், தூசி தட்டுவதும், பேட்டரிக் கடையிலிருந்தோ பெயின்ட் வேலையிலிருந்தோ வரும் கணவனின் சட்டையைத் துவைப்பதும் நம் வேலை. அந்தத் துணியோடு வீட்டுக்கு வரும் ஈயத்தை மருத்துவ உலகம் நன்றாக அறியும். அதைத் துவைக்கிறவளைத் தொழிலாளி என்று எந்தப் பதிவேடும் அறியாது.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் உள்ள பயம் அல்ல, நெல் விளையும் ஊரிலேயே நடந்து முடிந்தது. ஜப்பானின் டொயாமா பகுதியில் பாயும் ஜின்சு ஆற்றின் மேல்பக்கம் மிட்சுயி நிறுவனத்தின் கமியோகா சுரங்கம் இருந்தது. அங்கிருந்து காட்மியம் ஆற்றில் இறங்கி, ஆறு கழனியில் பாய்ந்து, கழனி சோறாகியது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினாலே முறிகிற அளவுக்கு ஆனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பல பிள்ளை பெற்ற நடுவயதைத் தாண்டிய பெண்கள். "இத்தாய், இத்தாய்" என்றால் ஜப்பானியத்தில் "வலிக்குது, வலிக்குது". அந்தக் கதறலே நோய்க்குப் பெயரானது. ஹாகினோ நோபொரு என்ற உள்ளூர் மருத்துவர் 1950களிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1968இல்தான் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. ஊட்டச்சத்துக் குறைவுதான் காரணம் என்ற வாதம் எழாமல் இல்லை. பெண்ணின் வறுமையையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கும் வாதம் அது. 1971இல் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றது, 1972இல் மேல்முறையீட்டிலும் அவர்களே வென்றார்கள். வயல்களின் மண்ணைச் சீர்படுத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012இல் முடிந்தது. ஒரு தலைமுறை.

"பாகூரில் ஏது சுரங்கம்?" என்று கேட்பார்கள். பாகூர் அரிசியில் நஞ்சு என்று நான் எழுதவில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியத்தின் மேல் பழி போட எனக்கு ஆசையும் இல்லை. அளக்காத இடத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதும் துணிச்சலைத்தான் கேள்வி கேட்கிறேன். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. சங்கராபரணி வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை என்று தொழிற்பேட்டைகள் இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள்தான் இருக்கின்றன. நகரத்தின் குப்பை வருடக்கணக்கில் குரும்பாபேட்டில் கொட்டப்பட்டது. விவசாயிகளுக்கு அறிவியல் சொல்லும் வேளாண் அறிவியல் நிலையமும் அதே குரும்பாபேட்டில்தான் இருக்கிறது. அளக்க ஆளும் அறிவும் ஊரில் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

அளந்தால்கூட "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்பார்கள். யாருடைய உடலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு? கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக 1975இல் வகுத்த "மாதிரி மனிதன்" 20-30 வயது, 70 கிலோ எடை, 170 செ.மீ. உயரம் உள்ள மேற்கத்திய ஆண். துறைகள் மாறலாம், ஆனால் நன்றாகச் சாப்பிட்ட ஆண் உடலை எல்லோருக்கும் அளவுகோலாக்கும் பழக்கம் மாறவில்லை. அளவு என்பது இயற்கை எழுதியதும் அல்ல. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வர 2016 ஆனது. பாதரசம் கலந்த மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தம் செய்தால் போதும் என்பதை எதிர்த்துச் சூழலியலாளர்கள் போராட வேண்டியிருந்தது. எவ்வளவு நஞ்சு போதும் என்பதைப் பேரம் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அந்தப் பேரத்தில் நம் உடலைப் பற்றிப் பேச நாம் இருக்கிறோமா?

எங்கள் ஊர்களில் இல்லை. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகப் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள் நடத்தினார்கள். அரசியல் சட்டம் பெண்களுக்கு ஒதுக்கிய மூன்றில் ஒரு பங்கு நாற்காலிகளும் அதோடு போயின. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர்களில் பெண்கள் 100க்கு 14 பேர்தான். நிலம் இல்லாத நடவுக்காரிக்கு மண்வள அட்டையும் இல்லை, மண்ணைப் பற்றிப் பேசப் பஞ்சாயத்தும் இல்லை. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைப் பற்றி ஒன்றிய அரசு விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியல் போட வேண்டும் என்பது அதன் முதல் படி. சந்தேகப்படவே ஆள் இல்லாத ஊரில் பட்டியல் எப்படி வரும்?

இதற்கு நமக்குக் கிடைப்பது அறிவுரைதான். கீரையை மூன்று முறை அலசு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பேரீச்சம்பழம் சாப்பிடு. செய்வோம், வயிற்றில் சோறும் உடம்பில் இரும்பும் இருப்பது நிச்சயம் காப்புதான். ஆனால் ஆலையும் உரக் கம்பெனியும் நகராட்சியும் மண்ணில் போட்டதை ஒரு பெண் தன் சமையலறைக் குழாயடியில் தீர்த்துவிட வேண்டும் என்பது அறிவுரை அல்ல, பொறுப்பைத் தள்ளிவிடுவது.

நம் தோழிகளிடமும் ஒரு வார்த்தை. உடல் நம்முடையது என்று இருபது, முப்பது ஆண்டுகளாகக் கவிதையில் எழுதிவருகிறோம். முலையையும் யோனியையும் எழுதியதற்காக வசை வாங்கினோம். அந்த உடலுக்குள் சிறுநீரகமும் இருக்கிறது, எலும்பும் இருக்கிறது, அவற்றில் யாரையும் கேட்காமல் வந்து தங்குகிற உலோகமும் இருக்கிறது. மண்ணைச் சூழலியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், உடலில் பாதியைத்தான் மீட்டிருக்கிறோம் என்று பொருள்.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. மண்வள அட்டையில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கையும் சேர்க்க வேண்டும். மொத்த அளவோடு, உடலுக்குக் கிடைக்கும் அளவையும் எழுத வேண்டும். அங்கன்வாடி வாசல், பள்ளி மைதானம், குப்பைக் கிடங்கைச் சுற்றிய குடியிருப்பு, இவற்றின் மண்ணை முதலில் எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பார்க்கும்போதே இரும்பு இருப்பையும் ரத்தத்தில் ஈயத்தையும் பார்க்க வேண்டும். முடிவை ஊர்ப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்திப் பெண்களின் இடங்களைப் பெண்களிடம் தர வேண்டும்.

என் வகுப்பில் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வருகிற மாணவிகள் இருக்கிறார்கள். விடுமுறையில் நடவுக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. அவர்கள் முதலில் எழுத வேண்டியது ஒரு மனு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் மண்வள அட்டை இருந்தால் அதன் நகலை இணைத்து, இல்லாத நான்கு பெயர்களையும் கீழே எழுதி, நடவுக்குப் போகும் பெண்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, வேளாண் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். ஒரு துறை மற்றதைக் கைகாட்டும். அப்போது இரண்டு பதிலையும் சேர்த்து அடுத்த மனு.