இஸ்திரிப் பலகையும் அக்காவின் இடுப்பும்

இரவு முழுவதும் ரயிலில் பிரயாணம் செய்து இறங்குகிற மனிதன் எப்படித் தூங்கினான் என்பதை அவனைக் கேட்க வேண்டியதில்லை. அவன் சட்டையைக் கேட்டால் போதும். சென்ற மாதம் போடிநாயக்கனூர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது என் சட்டை சகல இரகசியங்களையும் வெளியிட்டுக் கொண்டிருந்தது. 2010-ஆம் வருஷக் கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோன பிறகு, 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் அகலப் பாதையில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது. பன்னிரண்டரை வருஷம் காத்திருந்து கிடைத்த ரயிலில் சட்டை கசங்கிற்று என்று குறை சொல்லலாமா? நான் சொல்லவில்லை. என் அக்கா சொன்னாள்.

"என்னடா தம்பி, சட்டையா இது? ஏலக்காய் மூட்டைக்குள்ளே கட்டிக் கொண்டு வந்த மாதிரி இருக்கு. கழற்று, ஒரு நிமிஷத்திலே பெட்டி போட்டுத் தர்றேன்."

துணி தேய்ப்பதைப் 'பெட்டி போடுவது' என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா ஒரு கம்பளியை நாலாக மடித்துத் தரையில் விரித்தாள். மேலே ஒரு பழைய வேட்டி. அப்புறம் உட்கார்ந்து, குனிந்து, சட்டையைத் தேய்த்தாள். பிறகு சுவரில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக எழுந்தாள். "அம்மாடி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

கம்பளியை மடிக்க நான் கை கொடுத்தேன். அதன் நடுவில் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம் இருந்தது. படகைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற அந்த வடிவத்தைப் பார்த்தால் என்ன தடம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லே, விடு."

இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னாள். போன ஆடி மாதம், நல்ல காற்று. பாதித் துணி தேய்க்கும்போது கரண்டு போய்விட்டது. பெட்டியை அப்படியே கம்பளி மேல் படுக்க வைத்து விட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள். சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. கரண்டு எப்போது திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. புகை நாற்றம் வந்த பிறகுதான் ஓடி வந்தாள். கம்பளிக்கு ஒரு முழம் தள்ளி அவளுடைய கடைக்குட்டி தூங்கிக் கொண்டிருந்தான்.

"அத்தானிடம் சொன்னாயா?"

"எதுக்குச் சொல்லணும்? ஒண்ணும் ஆகலையே!"

வாசகர்களே! அன்று மாலையே போடிக் கடைத்தெருவில் ஓர் இஸ்திரிப் பலகை தேடிப் புறப்பட்டேன். கடைக்காரர்கள் அதை 'அயர்னிங் போர்டு' என்கிறார்கள். "பலகைக்கு ஒரு கட்டுரையா?" என்று தாங்கள் சிரிக்கலாம். பட்டுப் புடவை வாங்கப் பத்துக் கடை ஏறுகிறோம். அந்தப் புடவையைத் தேய்க்கிற இடம் மட்டும் தரை! இது நியாயமா?

சிலர் வீட்டில் தரைக்குப் பதில் கட்டில். மெத்தை அமுங்கும், சுருக்கம் போகாது, சூடும் உள்ளே தங்கும். கட்டில் மெத்தையில் தேய்ப்பது தரையை விட அபாயம். சாப்பாட்டு மேஜை பரவாயில்லை. ஆனால் சட்டையை அதன் மேல் பரப்பினால் அடியில் உள்ள பாதியும் சேர்ந்து மடங்கும். மேல் பக்கம் தேய்ந்து முடியும்போது கீழ்ப் பக்கத்தில் புதிய சுருக்கம் அழுத்தமாக விழுந்திருக்கும்.

இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டவர்களில் ஒருவர் ஸாரா பூன் என்ற அம்மாள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். பிறகு நியூ ஹேவன் நகரத்தில் தையல் வேலை செய்து பிழைத்தவர். அவருக்கு முன்பே அங்கே இஸ்திரிப் பலகைகள் உண்டு. ஆனால் பெண்களின் உடைகளில் உள்ள வளைந்த கைகளையும் இடுப்புப் பகுதியையும் அவற்றில் சரியாகத் தேய்க்க முடியவில்லை. அம்மாள் பலகையைக் குறுக்கி, ஓரங்களை வளைத்து, துணியை அதன் மேல் மாட்டித் திருப்பும்படி செய்தார். 1892 ஏப்ரல் 26-ஆம் தேதி அதற்குப் பேட்டண்ட் உரிமை பெற்றார். உடையைத் தைத்தவருக்குத்தானே தேய்க்கிறவரின் கஷ்டம் தெரியும்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தெருமுனை இஸ்திரி வண்டியைப் பாருங்கள். அதுவும் ஒரு பலகைதான். நாலு சக்கரம் வைத்த பலகை. வண்டிக்காரர் நின்றுகொண்டு தேய்க்கிறார். மேடை அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. மேலே கெட்டியான போர்வை, அதன் மேல் பருத்தித் துணி. பெட்டியை வைக்கத் தனி இடம். இத்தனையும் அநுபவம் கற்பித்த பாடம். அந்த வண்டிக்குக் கரி வேண்டாம், சூரிய வெளிச்சமே போதும் என்று ஒரு புதிய வண்டியை யோசித்தவர் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். அதற்காக 2020-ல் சுவீடனில் வழங்கும் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021-ல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மகாநாட்டிலும் பேசினார். ஆக, தெருவில் நிற்கிற பலகையைப் பற்றி உலகமே யோசிக்கிறது. வீட்டில் உள்ளதைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்கலாம் அல்லவா?

முதலில் உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையைச் சற்றே மடக்குங்கள். உள்ளங்கை எங்கே நிற்கிறதோ, அங்கே இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி வர வேண்டும். அதற்கு மேலே போனால் தோள் வலிக்கும். கீழே போனால் இடுப்பு வலிக்கும். ஆகவே உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய பலகையாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கப் போகும்போது, தேய்க்கப் போகிறவரையே அழைத்துப் போங்கள். செருப்பு வாங்கப் பக்கத்து வீட்டுக்காரரையா அனுப்புகிறோம்?

அடுத்தது அகலம். மேல்நாட்டுப் பலகைகள் சட்டைக்கும் கால்சட்டைக்கும் ஏற்பட்டவை. நமக்கோ புடவையும் வேட்டியும் உண்டு. புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம்; மூன்றாக மடித்தால் 15 அங்குலம். ஆகையால் பலகையின் அகலம் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 18 இருந்தால் உத்தமம். நீளம் 4 அடி போதும். ஒரு முனை குறுகலாக இருக்க வேண்டும். சட்டையின் தோளை மாட்டித் தேய்க்க அந்த முனைதான் உதவும்.

மூன்றாவது கால்கள். கடையிலேயே விரித்து, குறுகிய முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், கடைக்காரர் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். காலுக்கு ரப்பர் குப்பி இருக்கிறதா, விரித்த பிறகு தானாக மடங்காதபடி பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பூட்டு ரொம்ப முக்கியம்.

நான்காவதாக, மேற்பரப்பு. இதைப் பற்றி அத்தானுக்குச் சொந்த அநுபவம் உண்டு. அவருக்கு உத்தியோகம் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும்; மேலே போனதும் பனியில் நனையும். கீழே போடி மழை மறைவுப் பிரதேசம். துவைத்த துணி மத்தியானத்துக்குள் காய்ந்து அப்பளமாகிவிடும். மலை மேலே, மழைக் காலத்தில், மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் ஈரம் போகாது.

அத்தான் அங்குள்ள குவார்ட்டர்ஸுக்கு ஒரு மலிவான பலகை வாங்கி வைத்திருந்தார். மேலே இரும்பு வலை, பூச்சு சரியில்லை. மழைக் காலம் முழுவதும் அதை ஈரச் சுவரில் சாத்தி வைத்தார். கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளை வேட்டியை அதில் தேய்த்தார். வேட்டி மொடமொடவென்று வந்தது. கூடவே காவி நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோலமும் வந்தது! துருவின் கைங்கரியம். பந்தியில் எல்லோரும், "புது டிசைனா?" என்று விசாரித்தார்களாம்.

ஆகவே மலைவாசிகள் நல்ல பவுடர் கோட்டிங் கொடுத்த வலைப் பலகையாக வாங்க வேண்டும். வலை இருந்தால் நீராவி அடியில் தங்காது. மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு மலைக்கு உதவாது. ஈரம் பட்டால் இட்லி மாதிரி உப்பிவிடும். தச்சரிடம் சொல்லிச் செய்வதானால் நன்றாகக் காய்ந்த தேக்கோ பலாவோ நல்லது. கீழே போடியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை.

பலகை வந்தாயிற்று. இனி அதைக் காப்பாற்றுவது எப்படி? அத்தானே அதற்கு உபமானமும் சொன்னார்.

"மாப்பிள்ளை, பச்சை ஏலக்காயிலே நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணி. ஸ்டோரிலே போட்டு, 45-லேருந்து 55 டிகிரிச் சூட்டிலே பத்துப் பங்குக்குக் கொண்டு வரணும். சூடு கூடினால் பச்சை நிறம் போயிடும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். ஏலக்காயை இப்படிப் பார்க்கத் தெரிஞ்ச எனக்கு ஒரு பலகையைப் பார்க்கத் தெரியலை, பாருங்க!"

இந்த இரண்டு விதிகளும், அதாவது சூட்டின் அளவும் ஈரத்தின் அளவும், பலகைக்கு அப்படியே பொருந்தும்.

தேய்த்து முடித்தவுடன் பலகையை மடிக்காதீர்கள். அரை மணி நேரம் விரித்தபடியே ஆற விடுங்கள். உறையில் ஏறிய நீராவி உலர வேண்டும். பிறகு மடித்து, ஈரச் சுவரில் சாத்தாமல், இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். மலை வீடுகளில் அடுப்பங்கரைக்கு அடுத்த அறை இதற்கு நல்ல இடம்.

உறை கெட்டியான பருத்தியாக இருக்கட்டும். அடியில் கம்பளி அல்லது ஃபெல்ட். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் வேண்டாம். பாலியெஸ்டர் உறையும் வேண்டாம். பெட்டியிலும் துணியின் சீட்டிலும் உள்ள புள்ளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு புள்ளிக்கு 110 டிகிரி, நைலான் வகைக்கு. இரண்டு புள்ளிக்கு 150, பட்டு, கம்பளி, பாலியெஸ்டருக்கு. மூன்று புள்ளிக்கு 200, பருத்திக்கு. பருத்தி வேட்டியைத் தேய்க்கிற சூட்டைப் பாலியெஸ்டர் உறை தாங்குமா?

மாதம் ஒரு முறை உறையைக் கழற்றித் துவையுங்கள். நாம் கஞ்சி போடுகிற ஜாதி. அந்தக் கஞ்சி உறையில் படிந்து, தீய்ந்து, மஞ்சளாகி, ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக் கொள்ளும். மலையில் அதே கஞ்சி பூஞ்சைக்கு விருந்து. கீல்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போட்டு, வழிந்ததைத் துடைத்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

துருக் கறை பட்டுவிட்டதா? எலுமிச்சம் பழச் சாற்றில் உப்பைக் கலந்து தடவி, வெயிலில் வைத்து, பிறகு அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். அது துருவை இன்னும் அழுத்தமாக்கும்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எத்தனை நல்ல பலகையானாலும் அது சுவிட்சை அணைக்காது. கரண்டு போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. அடுப்பு, வாசல், டெலிபோன் எல்லாம் அப்புறம். பெட்டியை நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஒயர் நடைபாதையில் தொங்க வேண்டாம், சுவரோரமாகப் போகட்டும். சின்னக் கை இழுத்தால் பெட்டி தலையில் விழும்.

இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் அக்காவை நிறுத்திப் பார்த்து, 18 அங்குலப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். தீய்ந்த கம்பளியின் கதையை அத்தானிடம் அக்காவே அன்று இரவு சொன்னாள். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்குகிற பையனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

போன வாரம் டெலிபோனில் அக்காவை விசாரித்தேன். "பலகை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனால் உயரம் சரியில்லே."

"என்னது! உன்னை நிறுத்தி அளந்துதானே வாங்கினோம்?"

"அளந்தது வாஸ்தவந்தான். லீவு நாளிலே உங்க அத்தான் வந்து அதை நாலு அங்குலம் உயர்த்தி வெச்சுட்டார். இப்போ துணியெல்லாம் அவர்தான் பெட்டி போடறார். எனக்கு எட்டவே மாட்டேங்குது!"

குரலில் வருத்தம் துளிக்கூட இல்லை.