ஒன்பது டிபிஐயும் இருபது மீட்டர் ஒயரும்

அங்கலேஷ்வர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு ஆணி பிடுங்கப் போனதுல நாலு நாளா பதிவு போட முடியல மக்களே. கோபத்தை இங்கதான் கொட்டணும், தங்கமணி கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டாங்க.

ஓவர்ஹெட் டேங்க்ல தண்ணி எவ்வளவுன்னு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பம்ப் ஹவுசுக்குச் சொல்ல ஒரு ரேடியோ. சிக்னல் அறுந்தா கான்ட்ராக்ட் பையன் ஒருத்தன் டேங்க் ஏணியில ஏறி எட்டிப் பார்க்கணும். மே மாச வெயில்ல, ஒரே நாள்ல மூணு தடவை ஏறினான்.

பர்ச்சேஸ்காரருக்கு ஒரே பெருமை. "போன வருஷம் மூணு டிபிஐ சாப், இப்ப ஒன்பது!" அய்யா, ரேடியோ டேங்குக்குக் கீழ, ஆன்டெனா உச்சியில. நடுவுல இருபது மீட்டர் ஆர்ஜி-58. 866 மெகாஹெர்ட்ஸ்ல அந்த ஒயர் நூறு மீட்டருக்கு 50 டெசிபல் போலத் தின்னும். இருபது மீட்டருக்கு 10. பத்துல ஒரு பங்கு பவர்தான் மேல போய்ச் சேருது. காசு கொடுத்து வாங்கின ஒன்பதும் போச்சு, கூடவே ஒண்ணும் போச்சு! எல்எம்ஆர்-400 போட்டிருந்தா இழப்பு மூணுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

அட்டைப்பெட்டியைத் திருப்பினா 902-928ன்னு போட்டிருக்கு. அது அமெரிக்காக்காரன் பட்டை. இங்க லைசென்ஸ் இல்லாம விட்டிருக்கிறது 865-867, 2021ல 868 வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கு வெட்டின யாகி இங்க அந்த ஒன்பதையே ஒழுங்கா தராது.

இதுல மாட்டினவர் பழைய டிவி ஆன்டெனா ஆள் போல, கம்பிகளைப் படுக்கை வசத்துல விட்டுட்டார். (ரூபவாஹினிக்காக மொட்டை மாடியில "வந்துச்சா? வந்துச்சா?"ன்னு கத்தினவங்க கை தூக்குங்க!) பம்ப் ஹவுஸ்ல நிக்கிறதோ செங்குத்துக் கம்பி. இந்த முரண்டுல மட்டும் 20 டெசிபல்கூடப் போகலாம். திருப்பி மாட்ட அரை மணி நேரம், செலவு பூஜ்யம்.

நல்ல ஒயர் விலை ஜாஸ்தியாம். சரி, ரேடியோவையே மழை புகாத பெட்டியில போட்டு உச்சியில வைங்க. ரெண்டு மீட்டர் ஒயர் போதும், கீழேருந்து கரண்டும் ஆர்எஸ்-485ம் போகட்டும். கொட்டேஷன் ஒப்பிடுற தாள்ல டிபிஐக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம். பையன் ஏணி ஏறுறதுக்கு ஏன் கட்டமே இல்லைன்னும் கேட்டு மெயில் போட்டிருக்கேன்.

பதில் வரல. இன்னைக்கும் ஏறியிருப்பான்.