மிச்ச விலையை யார் கொடுப்பது?

ரத சப்தமி அன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் ஊர் எல்லை தாண்டி கலசப்பாக்கம் வருவார். செய்யாற்றில் தீர்த்தவாரி. கலசப்பாக்கம் திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைப்பார். சுற்றுவட்டாரமே ஆற்றங்கரையில் கூடிவிடும். ஜவ்வாது மலையில் பிறந்து வரும் இந்தச் செய்யாறு வருடத்தில் பல மாதங்கள் மணலாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் அந்த மணலுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை நம்பித்தான் கரையோரத்துக் கிணறுகள் இருக்கின்றன. அந்தக் கிணறுகளை நம்பித்தான் நெல்லும் கரும்பும் இருக்கின்றன.

அதே ஜவ்வாது மலையின் மறுபக்கம் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே ஓடுவது பாலாறு. இரண்டு ஆறுகளும் கடைசியில் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் சந்தித்துக்கொள்கின்றன. போய்ச் சேரும் இடம் ஒன்று. வந்த வழியில் பட்டபாடு வேறு. பாலாற்றுக்கு நேர்ந்தது செய்யாற்றுக்கும் நேரக் கூடாது என்றால், மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கடுக்காயிலிருந்து குரோமியத்துக்கு

தோல் பதனிடுவது தமிழ்நாட்டுக்குப் பழைய தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் அதற்கு மூலப்பொருள். ஜவ்வாது மலை மக்கள் இன்றும் சேகரிக்கும் வனப்பொருட்களில் கடுக்காயும் ஒன்று. பட்டைச் சாற்றில் ஊறித் தோல் பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். பிறகு குரோமிய முறை பரவியது. வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு சில நாட்களில் முடிந்தது. 1970-களில் மத்திய அரசு, பச்சைத் தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகத் தயாரான தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஊருக்கு வேலை வந்தது. ஆம்பூர் ஷூ உலகச் சந்தைக்குப் போனது.

கழிவுநீர் மட்டும் எங்கும் போகவில்லை. அது உள்ளூரிலேயே தங்கியது. ஒரு கிலோ தோலைத் தயார் செய்யக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலேயே பதிவாகியிருக்கிறது. தோல் கெட்டுப்போகாமல் இருக்கத் தடவிய உப்பும் இந்த ரசாயனங்களும் கலந்த நீர், பாலாற்றிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இறங்கியது. கிணற்று நீர் உப்புக் கரித்தது. 

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து வருடம் கழித்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருக்கிறது என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றார்கள். கெடுத்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்று உறுதியானது. இந்தியா முழுவதும் மாசு வழக்குகளில் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

தீர்ப்பு வந்துவிட்டது. பணம் வந்ததா? இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கண்டறிந்து இழப்பீட்டை நிர்ணயித்தது. அதன்பின் மேல்முறையீடு, வாய்தா, மறுகணக்கு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும், அந்தத் தொகையை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று. இரண்டுக்கும் நடுவில் 24 வருடங்கள். ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போகும் காலம் அது.

அதே பாலாற்றங்கரை ராணிப்பேட்டையில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை போய்விட்டது, மலை மாதிரி கழிவு நின்றது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவைச் சுத்தப்படுத்த வைத்த இடமே உயிரைப் பறித்தது.

கடையில் ஒரு ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இவற்றில் எதுவும் சேர்ந்திருக்காது. தோலுக்கு, கூலிக்கு, வண்டி வாடகைக்கு, கடைக்காரர் லாபத்துக்கு எல்லாம் கணக்கு இருக்கும். கெட்டுப்போன கிணற்றுக்குக் கணக்கு இருக்காது. அந்த மிச்ச விலையை ஷூவே போடாத ஒரு விவசாயி கட்டிக்கொண்டிருப்பார்.

மூடிவிட்டால் தீருமா?

இப்படிச் சொன்னவுடன் ‘ஆலையே வேண்டாம்’ என்று முடித்துவிடத் தோன்றும். அதுவும் நியாயமாகாது. செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலை வேலைக்கு திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் தினமும் பேருந்தில் போய் வருகிறார்கள். மாதம் பிறந்தால் சொந்தக் கணக்கில் சம்பளம் ஏறுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அடகில் இருக்கும் நகை, வீட்டில் தன் பேச்சுக்கு ஒரு மரியாதை எல்லாம் அந்தச் சம்பளத்தில் அடங்கியிருக்கிறது. மழை பொய்த்தால் கூலி இல்லை என்றிருந்த வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதே செய்யாறு சிப்காட்டை விரிவாக்க நிலம் எடுப்பதை எதிர்த்து, மேல்மா சுற்றுவட்டார விவசாயிகள் 2023-ல் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அரசியல் கட்சிகளும் விவசாய அமைப்புகளும் ஊடகங்களும் கேள்வி எழுப்பின. பிறகு அவர்களில் ஆறு பேர் மீது அது திரும்பப் பெறப்பட்டது. ஒரே மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஆலை வேண்டும், இன்னொரு வீட்டுக்கு நிலம் வேண்டும். சில சமயம் இரண்டும் ஒரே வீடாகவும் இருக்கும். ஆலை வரட்டும், அதன் முழுச் செலவையும் அதுவே ஏற்கட்டும் என்பதுதான் இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கேள்வி. ஆனால் அந்தச் செலவு எவ்வளவு என்று ஊருக்கு யார் சொல்வது? பத்திரிகைதான் சொல்ல வேண்டும்.

பத்திரிகைக்கும் ஒரு மிச்ச விலை

பத்திரிகையும் ஒரு உற்பத்திப் பொருள்தான். தாள், மை, அச்சு, மின்சாரம், விநியோகம், நிருபர் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் ஆகும் செலவைவிட, பெரும்பாலான நாளிதழ்களைக் குறைந்த விலைக்குத்தான் வாசகர் வாங்குகிறார். தொலைக்காட்சிச் செய்தியும் கைப்பேசியில் வரும் செய்தியும் கிட்டத்தட்ட இலவசம். இங்கேயும் மிச்ச விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் விளம்பரதாரர். அவர் ஒரு தொழிற்சாலையின் உரிமையாளராக இருக்கலாம். அரசாங்கமாகவும் இருக்கலாம்.

விளம்பரம் வாங்குவது தப்பில்லை. விளம்பரம் செய்தி வேஷம் போடும்போதுதான் தப்பு. 2009 மக்களவைத் தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டதாகப் புகார்கள் குவிந்ததும், இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இரண்டு உறுப்பினர்களைக் கொண்டு விசாரித்தது. அவர்கள் பத்திரிகைகளின் பெயர்களைக் குறிப்பிட்டே விரிவான அறிக்கை கொடுத்தார்கள். 2010-ல் கவுன்சில் அதைச் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டு வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் 2011-ல் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி காட்டுகிறவர்கள் தங்கள் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள். சில ஊடக நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கட்டணமாகக் கம்பெனிகளின் பங்குகளையே வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அப்படிப் பங்கு வைத்திருந்தால் அந்தக் கம்பெனி பற்றிய செய்தியிலேயே அதை வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் செபி தலையிட வேண்டி வந்தது.

செய்தி சரியாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு கொடைக்கானல் ஒரு உதாரணம். அங்கே இந்துஸ்தான் லீவர் நடத்திய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் நியாயம் கேட்டுப் பல வருடம் அலைந்தார்கள். 2015-ல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் பாடிய ஒரு ராப் பாடல் யூடியூபில் வெளியாகி, சில நாட்களில் லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு ஒன்றே சாதித்துவிட்டது என்று சொல்ல முடியாது. 15 வருடப் போராட்டமும் நீதிமன்ற வழக்கும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனால் மலை மேல் இருந்த ஒரு ஊரின் குறையை உலகம் கேட்கும்படி செய்ய, பெரிய அச்சகமும் அலைவரிசையும் இல்லாத ஒரு பெண்ணால் முடிந்தது.

பச்சை நிறத்துக்கும் சட்டம்

இப்போது புதிதாக ஒரு வேஷம் வந்திருக்கிறது. ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமைத் தயாரிப்பு’ என்று எதன் மேல் பார்த்தாலும் ஒரு இலைப் படம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அப்படிப் போடுகிறவர்கள் எந்த வகையில் உகந்தது என்று விளக்க வேண்டும், ஆதாரம் கையில் இருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பவும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. சந்தேகம் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை, வீட்டில் இருப்பவர்களால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டியதில்லை. செருப்பு அறுந்தால் தூக்கிப்போடாமல் தைத்துப் போட்டுக்கொள்வது பழைய பழக்கம்தான். ஒரு ஜோடித் தோலின் கழிவு மிச்சம். ‘விளம்பரச் சிறப்புப் பகுதி’ என்று பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, செய்திக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். ஊர்ச் செய்தியை நேர்மையாக எழுதும் பத்திரிகை எதுவாக இருந்தாலும் அதற்குச் சந்தா கட்டலாம். வாசகர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் விளம்பரதாரரின் பிடியை அந்த அளவுக்குத் தளர்த்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம் ஒன்று பத்திரிகைக்குள்ளேயே இருக்கிறது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரும்பாலான பெரிய ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் முன்பாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் அதன் அறிவிப்பு ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், கூட்டத்தில் எழுந்து பேசலாம், பேசியது பதிவாக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், கழிவு எங்கே போகும், ஆலை மூடினால் கழிவை யார் அள்ளுவார்கள், உள்ளூர்ப் பெண்களுக்கு நிரந்தர வேலை எத்தனை என்ற நாலு கேள்விகள் போதும். பாலாற்றங்கரையில் இவை ஆரம்பத்திலேயே கேட்கப்பட்டு, பதிலும் வாங்கியிருந்தால், 29,193 பேர் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

அந்த அறிவிப்பு முதல் பக்கத்தில் வராது. உள்ளே, ஏல அறிவிப்புக்கும் டெண்டர் அறிவிப்புக்கும் நடுவில், கண் வலிக்கும் பொடி எழுத்தில் வரும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் படிக்கப்படாமலே பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விடும். மாலையில் வேலை முடிந்து உட்காரும் நேரத்தில், ஊர்ப் பெயர் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டில் சேர்க்கலாம்.